ராக்கெட் ஏவுதலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறீர்களா? ஆபத்து எங்கே, கேட்க வேண்டிய கேள்விகள் என்ன? முழு விளக்கம்

ராக்கெட் பறப்பது சில நிமிடங்கள்தான். அதைப் பார்க்க வரும் பள்ளி மாணவர்கள் கடற்கரையில் காத்திருப்பது பல மணி நேரம். பாதுகாப்பு என்றதும் நாம் எல்லோரும் ராக்கெட்டைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்தக் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள். எப்படி? பார்க்கலாம்.

நம்ம மாவட்டத்தில் என்ன நடந்தது?

2023 பிப்ரவரி 19 அன்று, மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்தில் இருந்து ‘டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் மாணவர் செயற்கைக்கோள் ஏவுகல திட்டம் 2023’ என்ற பெயரில் ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. மார்ட்டின் அறக்கட்டளை, அப்துல் கலாம் சர்வதேச அறக்கட்டளை, ஸ்பேஸ் ஸோன் இந்தியா ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்கள் உருவாக்கிய 150 பிக்கோ செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன.

அடுத்து 2024 ஆகஸ்ட் 24. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள திருவிடந்தையில் இருந்து ‘ரூமி-1’ கிளம்பியது. நகரும் ஏவுதளம், ஹைபிரிட் என்ஜின், 3 கியூப் மற்றும் 50 பிக்கோ செயற்கைக்கோள்கள், திரும்பி இறங்க பாராசூட் என எல்லாமே அதில் உண்டு.

அச்சரப்பாக்கம் வயலில் ஏவ முடியாதா?

அச்சரப்பாக்கத்துப் பள்ளி மாணவர்கள் திருவிடந்தைக்கு வர வேண்டும் என்றால் விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். ‘பக்கத்து வயல்லயே விட்டா என்ன?’ என்று கேட்கத் தோன்றும்.

பெரிய ராக்கெட் என்றால் முடியாது. மேலே போனது எங்கேயாவது விழ வேண்டும். ஊர், ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, மின்கம்பி எல்லாம் சூழ்ந்த இடத்தில் அதற்கு இடம் கிடையாது. கடற்கரையில் கிழக்கே முழுக்கக் கடல். ஆனால் அங்கும் மீன்பிடிப் படகுகள் இருக்கும், மேலே விமானங்கள் பறக்கும். அதனால்தான் மீனவர்களுக்கு முன்னறிவிப்பும், வான்வெளிக்கு அனுமதியும் அவசியம்.

கையில் தூக்கிப் போகும் அளவு சிறிய மாதிரி ராக்கெட் என்றால் கதை வேறு. 1957-ல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் விதிப்படி, ‘டி’ வகை மோட்டாருக்குக் குறைந்தது 500 அடி அகலம் கொண்ட திறந்தவெளி இருந்தால் போதும். காற்று மணிக்கு 32 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஏவக் கூடாது.

ஒன்று மட்டும் முக்கியம். மோட்டாரை வீட்டிலோ ஆய்வகத்திலோ மருந்து கலந்து செய்யவே கூடாது. ஸ்புட்னிக் காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் அப்படிச் செய்துதான் கை, கண் இழந்தார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். தொழிற்சாலையில் தயாரான மோட்டார் மட்டுமே என்ற விதி வந்தது அதற்குப் பிறகுதான். இந்தியாவில் வெடிபொருளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமம் தேவை. சிவகாசியைத் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு தூரத்தில் நிற்கணும்?

மோட்டாரின் அளவைப் பொறுத்து மாறும். அதே சங்கத்தின் விதிகள் சொல்வது:

• ‘டி’ வகை வரை: 15 அடி
• அதைவிடப் பெரிய மாதிரி ராக்கெட்: 30 அடி
• உயர்திறன் ராக்கெட்டில் ‘ஓ’ வகை: 1,500 அடி

இவை குறைந்தபட்ச தூரம்தான். மாணவர் கூட்டம் என்றால் இன்னும் தள்ளி நிற்பதே நல்லது. ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ 2019-ல் திறந்த பார்வையாளர் மாடத்தைப் பாருங்கள். பெயரைப் பதிவு செய்து வருபவர்கள், ஒரே இடத்தில், உட்கார்ந்து பார்க்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும்.

‘ஜீரோ’ சொல்லியும் கிளம்பலைன்னா?

இதுதான் ஆபத்தான நேரம். என்ன ஆச்சு என்று பார்க்க யாராவது ஓடுவார்கள். விதி தெளிவாக இருக்கிறது: முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பிறகு 60 விநாடி காத்திருக்க வேண்டும், அதன் பிறகே ஒருவர் அருகில் போகலாம்.

இறங்கும்போதும் இதே கதைதான். அறுந்த காத்தாடிக்குப் பின்னால் ஓடுவதுபோல, பாராசூட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள். கீழே வரும் ராக்கெட்டைப் பிடிக்கவே கூடாது. மரத்திலோ மின்கம்பியிலோ சிக்கினால், போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது நல்லது. கவுன்ட்டவுன் தொடங்கிய பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

அப்போ காத்திருப்பில் என்ன ஆபத்து?

ராக்கெட்டுக்கு ஒரு குழுவே காவல் இருக்கும். கடலுக்கு யார் காவல்? மாமல்லபுரம், கோவளம் பகுதியில் குளிக்க இறங்கியவர்களை அலை இழுத்துச் சென்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஏவுதல் தள்ளிப்போனால், முதலில் போரடிப்பது பிள்ளைகளுக்குத்தான். அடுத்த நிமிடம் நாலு பேர் அலையில் கால் நனைக்கப் போயிருப்பார்கள். மறுபக்கம் வேகமாக வண்டிகள் பறக்கும் ஈ.சி.ஆர். தலைக்கு மேல் வெயில்.

அதனால் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். கடல் பக்கம் கயிறு கட்டி ஆள் நிறுத்துங்கள். நிழல், குடிநீர், மாணவிகளுக்கும் ஏற்ற கழிப்பறை, ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, ஏவுதலுக்கு முன், திரும்பும்போது என ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ணுங்கள்.

‘இன்னைக்கு வேண்டாம்’னு சொல்வது யார்?

அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான், பிள்ளையாரை வணங்க மறந்தாராம். தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடம் என்பதால்தான் அச்சிறுபாக்கம் என்ற பெயர் என்கிறது தலபுராணம். புறப்படும் அவசரத்தில் முதலில் செய்ய வேண்டியதை விட்டால், ஈசனின் தேரும் நிற்கும்.

மாணவர் ஏவுதலில் அந்த அவசரம் பல மடங்கு. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், எங்களைப் போன்ற சேனல்களின் கேமராக்கள் நேரலையில் நிற்கின்றன, பிள்ளைகள் இரவெல்லாம் தூங்காமல் வந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் ‘காற்று அதிகம், நிறுத்துங்க’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் விழா ஏற்பாட்டாளராக இருக்கக் கூடாது. அவர் சொன்னால் விருந்தினரும் கேட்க வேண்டும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போடும் முன்...

பெற்றோரும் ஆசிரியரும் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை:

1. பாதுகாப்பு அதிகாரி யார்? நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா?
2. வான்வெளி, காவல்துறை, உள்ளூர் நிர்வாக அனுமதிகள் எழுத்தில் இருக்கிறதா?
3. மாணவர்கள் நிற்கும் இடம் ஏவுதளத்தில் இருந்து எத்தனை அடி?
4. கடல் பக்கமும் சாலை பக்கமும் யார் பொறுப்பு?
5. ஏவுதல் தள்ளிப்போனால் எத்தனை மணி வரை காத்திருப்பீர்கள்?
6. ஏவாமலே திரும்ப நேர்ந்தால் பிள்ளைகளுக்கு என்ன நிகழ்ச்சி வைத்திருக்கிறீர்கள்?

ஆறாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், ‘எப்படியாவது ஏவிடணும்’ என்ற அழுத்தம் கண்டிப்பாக இருக்கும். அங்கே கையெழுத்து போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.