காந்தம் மட்டும் மோட்டாரை ஓட்டுமா?

மின்சாரமும் எரிபொருளும் இன்றி, நிலைக்காந்தங்களின் வலிமையால் மட்டுமே ஓயாது சுழலும் மோட்டாரை அமைக்கலாம் என்னும் ஆசை புதியதன்று. பிரான்சு நாட்டினரான பீட்டர் பெரெக்ரினஸ் 1269-ஆம் ஆண்டிலேயே அத்தகைய சக்கரம் ஒன்றை விவரித்தார். அதன்பின் பலர் முயன்றும், ஒன்றேனும் சோதனையில் தேறவில்லை.

காரணம் எளிது. காந்தம் ஆணியை இழுக்கையில் வேலை நிகழ்கிறது. ஆணியைப் பிரித்தெடுக்க அதற்குக் குறையாத வேலை வேண்டும். ஆகவே, சக்கரம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் வரவும் செலவும் ஈடாகிவிடுகின்றன. எஞ்சுவது உராய்வினால் நேரும் நட்டமே. மின்சார மோட்டார் சிலவற்றிலும் நிலைக்காந்தம் உண்டு. ஆயினும் ஆங்குச் சக்தி அளிப்பது கம்பிச்சுருளிற் பாயும் மின்சாரமேயாம். 1970-ஆம் ஆண்டின் இந்தியப் பேடண்டுச் சட்டமும் இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்பட்டதைப் புதுப்புனைவாகக் கொள்வதில்லை.

செலவில்லாப் பம்பு என்னும் பேச்சை நம்பிக் கடன் வாங்க முனையும் உழவர், முதலில் வினவுவது களப்பணியாளரையோ பள்ளி ஆசிரியரையோதான். அவரை நகைத்து அனுப்புதல் முறையன்று. காந்தத்தையும் ஆணியையும் அவர் கையிற் கொடுத்து, இழுப்பையும் பிரிப்பையும் உணரச் செய்தல் வேண்டும். "பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு நாள் முழுதும் நீர் இறைத்துக் காட்டுங்கள், பணத்தைப் பிறகு பேசுவோம்" என விற்பவரிடம் கூறும் துணிவு அவருக்குத் தானே பிறக்கும்.