தோல் பறையா, ஃபைபர் பறையா?

எங்கள் வீரசோழன் பக்கம் பறையாட்டம் பார்த்துவிட்டு இளைஞர்கள் வாதிடுவது இதைத்தான். ஃபைபர் பறையைத் தீயில் காய்ச்ச வேண்டாம், மழையிலும் தொய்யாது. ஆனால் ‘அசல் ஒலி இல்லையே’ என்கிறார்கள். தோலின் கார்வை எனக்கும் பிடிக்கும். ஆனால் செத்த மாட்டை இழுக்கவும், தோல் உரிக்கவும், சாவுக்கு அடிக்கவும் சாதியின் பெயரால் மனிதர்களைக் கட்டாயப்படுத்திய வரலாற்றை மறைத்துவிட்டு ‘அசல்’ பேச முடியாது.

1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை ஏந்தினார்கள். ஆண்கள் அடித்த மரபை மாற்றியது ரசிகர்கள் அல்ல, கலைஞர்கள்.

எந்த அடியை விடுவது, எதைக் கட்டி அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்யட்டும். ரசிகர்களுக்கான கேள்வி வேறு: ‘ஊர்ச் சாவுக்கு அடிக்க வரமாட்டேன்’ என்று அவர் சொல்லும்போது, அவர் பக்கம் நாம் நிற்போமா?