விழாத எம்சிபி

“எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?” என்பது வீடு கட்டுவோரின் வாதம். 10 கிலோ ஆம்பியர் என்னும் அச்சைக் காட்டி விற்பவரும் அதையே சொல்வார். அந்த எண், பெரும் குறுக்குச்சுற்றை எம்சிபி சேதமின்றித் துண்டிக்கும் வரம்பு மட்டுமே. எர்த் கம்பி மண்ணை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில் சிக்கல் நேர்மாறானது: பழுது மின்னோட்டம் போதாது. வீட்டு எர்த்தும் மின்மாற்றி எர்த்தும் சேர்ந்து 5 ஓம் என்றால், 230 வோல்ட்டில் பாய்வது 46 ஆம்பியர்தான். சி வகை 32 ஆம்பியர் எம்சிபி நொடியில் விழ உறுதியாக 320 ஆம்பியர் வேண்டும். 46-இல் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கீசரின் உலோக உடலில் மின்சாரம் நிற்கும். (அடிக்கடி விழுகிறதென்று 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டுவதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயர்!) 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபியை வீண்செலவு என்போர், குளியலறை டைல்ஸ் வாங்கும்போது அச்சொல்லை உச்சரிப்பதில்லை.