ஆசியர் இல்லாத ஆசியா டிராபி

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நிர்வாகஸ்தர்கள் இரண்டு வருஷங்களுக்கு ஒரு முறை ஏதேனும் ஓர் ஆசிய நாட்டில் ‘ஆசியா டிராபி’ என்ற கால்பந்துப் பந்தயத்தை நடத்தி வந்தார்கள். 2003-ல் கோலாலம்பூரில் தொடங்கி, 2019-ல் சீனாவில் நடந்தது வரை மொத்தம் ஒன்பது முறை. கோஷ்டிகள் நான்கு, ஆட்டங்கள் நான்கு, சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகஸ்டு மாதத்தில் தங்கள் தேசத்து லீக் ஆரம்பமாகுமுன் ஆட்டக்காரர்கள் கைகால்களைப் பழக்கிக்கொள்ள இது ஒரு சௌகரியம். அவர்கள் பழக்கிக்கொள்வதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் பெயரில் ஆசியா இருக்கிறது, மைதானம் ஆசியாவில் இருக்கிறது, டிக்கட் வாங்கும் ஜனங்கள் ஆசியர்கள். கடைசி இரண்டு தடவைகளிலோ பந்தயத்தில் ஆசியக் கோஷ்டி ஒன்றுகூட இல்லை. இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

ஆரம்பத்தில் ஏற்பாடு இப்படி இருக்கவில்லை. மூன்று இங்கிலீஷ் கோஷ்டிகள், நான்காவது ஸ்தானம் விருந்தளிக்கும் ஊருக்கு என்பதே முறை. 2003-ல் மலேஷியாவின் தேசீயக் கோஷ்டி ஆடிற்று, 2005-ல் தாய்லாந்து, 2009-ல் பெய்ஜிங் குவோவான், ஹாங்காங்கில் 2007-லும் 2013-லும் சௌத் சைனா, 2011-ல் கிட்சி, 2015-ல் சிங்கப்பூர். 2017 ஜூலையில் பந்தயம் மறுபடி ஹாங்காங்குக்கு வந்தது. லிவர்பூல், லெஸ்டர், கிரிஸ்டல் பாலஸ், வெஸ்ட் பிராம்விச் என்று நான்கு ஸ்தானங்களும் இங்கிலீஷ்காரருக்கே போயின. அந்த வருஷம் ஹாங்காங் லீகை வென்றிருந்த கிட்சிக்குத் தன் ஊர்ப் பந்தயத்தில் இடமில்லை. அதற்கு முந்திய 2016-ல் அதே லீகை வென்ற ஈஸ்டர்ன் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவர் சான் யுவென் டிங் என்ற இளம் பெண்மணி. ஆடவர் கோஷ்டியொன்றை ஒரு நாட்டின் முதல் லீகில் வெற்றிபெறச் செய்த முதல் ஸ்திரீ என்று உலகம் அவரைக் கொண்டாடிற்று. இத்தகைய கால்பந்து உள்ள ஊரில்தான் உள்ளூர்க் கோஷ்டி அவசியமில்லை என்று தீர்மானமாயிற்று!

2019-ல் நான்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அதே கதை. அந்தத் தடவை சீன அரசாங்கத்தின் ஸின்ஹுவா செய்தி ஸ்தாபனமே மான்செஸ்டர் சிட்டியார் விருந்தளித்தவர்களை மதிக்கவில்லை என்று கண்டித்து எழுதிற்று. அவர்களுடைய பயிற்சியாளர் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்ற விவகாரத்தில் நாம் இறங்கவில்லை. பந்தயத்தில் சீனக் கோஷ்டி ஒன்று இருந்திருந்தால் மதிப்பைக் களத்திலேயே கேட்டு வாங்கியிருக்கலாம்.

“உள்ளூர்க் கோஷ்டி தோற்றுத்தானே போகிறது? ஜனங்கள் பணம் கொடுப்பது அவர்களைப் பார்க்கவா?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். தோற்றது வாஸ்தவம். 2013-ல் சௌத் சைனாவை டாட்டன்ஹாம் கோஷ்டி 6-0 என்று தோற்கடித்தது. உள்ளூர்க் கோஷ்டி எதுவும் இந்தக் கோப்பையை ஒரு முறையேனும் வென்றதில்லை. ஆனால் 1975-ல் கோலாலம்பூருக்கு வந்த ஆர்சனலை ஸெலாங்கூர் கோஷ்டி 2-0 என்று ஜயித்ததும் வாஸ்தவமே. இரண்டு கோல்களையும் போட்டவர் மொக்தார் டஹாரி. 1980-ல் அந்த மொக்தாரின் தேசத்தார், நம் தமிழர் ஆறுமுகம் கோல் காக்க, தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றார்கள். பகிஷ்காரத்தால் போகாமற்போனது வேறு விஷயம். பலசாலியுடன் மோதாமல் பலம் எங்கிருந்து வரும்? மோதும் சந்தர்ப்பத்தையே பறித்துவிட்டு, பலமில்லை என்று குறை சொல்வது வியாபாரியின் தர்க்கம்.

அதே மலேயா, சுதந்திரம் பெற்ற 1957-ல், ‘மெர்டேக்கா’ப் பந்தயத்தைத் தொடங்கிற்று. மெர்டேக்கா என்றால் சுதந்திரம். ஆசிய தேசங்களின் கோஷ்டிகளைத் தன் செலவில் தன் வீட்டுக்கு அழைத்த பந்தயம் அது. இந்தியக் கோஷ்டி 1959-லும் 1964-லும் அதில் இரண்டாவது ஸ்தானம் பெற்றது. பல வருஷங்கள் நின்றுபோய், 2023-ல்தான் அதற்கு மீண்டும் உயிர் வந்தது. அந்நியர் கோப்பைக்குக் கூடிய கூட்டத்தில் பாதியாவது இதற்குக் கூடியதுண்டா என்பதை ரஸிகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

2007 ஜூலையை மறக்க முடியாது. ஆசிய தேசங்களின் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. யுத்தத்தால் சிதைந்த ஈராக் தேசத்தார், ஜூலை 25-ல் கோலாலம்பூரில் தென் கொரியாவைப் பெனால்டியில் வென்று, 29-ல் ஜகார்த்தாவில் ஸௌதி அரேபியாவையும் வென்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். அதே வாரத்தில் ஹாங்காங்கில் போர்ட்ஸ்மவுத்தும் லிவர்பூலும் ‘ஆசியா’வின் பெயரால் ஆடிக்கொண்டிருந்தன!

ஆசியர் சொல் எடுபடாது என்று சோர்ந்துபோக வேண்டாம். அதே 2007-ல் மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி, ஆசியக் கோப்பை நாட்களில் கோலாலம்பூரில் ஆட இருந்தது. ஆசியக் கால்பந்து சம்மேளனம் ஆக்ஷேபித்தது, ஆட்டம் ரத்தாயிற்று. 2008-ல் லீக் ஆட்டங்களில் ஒரு சுற்றையே வெளிநாடுகளில் நடத்தப் பிரீமியர் லீக் யோசித்தபோதும் அந்தச் சம்மேளனம் எதிர்த்தது. அந்த யோசனையும் கைவிடப்பட்டது.

2019-க்குப் பிறகு இந்தப் பந்தயம் நடக்கவில்லை. நாளை மறுபடி வருவதானால், அழைக்கும் நகரத்தின் கால்பந்து ஸ்தாபனத்தார் கையெழுத்துப் போடுமுன் இரண்டு நிபந்தனைகளை வைக்க வேண்டும். உள்ளூர்க் கோஷ்டிக்கு ஒரு ஸ்தானம். டிக்கட் வசூலில் ஒரு பங்கு உள்ளூர்ச் சிறுவர் கால்பந்துக்கு. முடியாது என்பார்களானால் ஆசியாவின் பெயரையாவது எடுத்துவிடட்டும். 2023-லும் 2025-லும் அமெரிக்காவில் இங்கிலீஷ் கோஷ்டிகளை மட்டுமே வைத்துப் பந்தயம் நடத்தியபோது, அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கோடைத் தொடர்’ என்பதுதான். அமெரிக்காவின் பெயரை அதில் சேர்க்கவில்லை.