பெற்றவர் சொன்ன நேரத்தை எழுதுங்கள்

வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் ராத்திரி ஒரு குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால், பெற்றோர் முன்னால் இரண்டு வழிதான். ஒன்று செய்யாறு, இன்னொன்று காஞ்சிபுரம். அங்கும் முடியாது என்றால் செங்கல்பட்டுக்கோ அடுக்கம்பாறைக்கோ எழுதிவிடுவார்கள். ஆரணிப் பட்டுக்குத் தறி போடுகிறவரானாலும் கழனி வேலைக்குப் போகிறவரானாலும் மறுநாள் கூலி போச்சு. அதைக்கூட யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு, மடியில் பிள்ளை துவண்டு கிடக்க, "இருங்கம்மா, வருவாங்க" என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் பொறுக்க முடியாதது.

இரண்டாவது முறை போய்க் கேட்க எல்லோருக்கும் வாய் வருவதில்லை. சேரியிலிருந்து போகும் தாய்க்கு முதல் முறை கேட்பதே பெரிய காரியம். குரல் கொஞ்சம் உயர்ந்தால் "தகராறு பண்றாங்க" என்று பெயராகிவிடும். உயராவிட்டால் யார் காதிலும் விழாது.

இந்தக் காத்திருப்பு நமக்குப் புதிதல்ல. கத்தியவாரைச் சேர்ந்த தலித் ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12-இல் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியானது. பிள்ளை பெற்ற சில நாளில் அவர் மனைவிக்கு உடம்பு மோசமானது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கி வந்தபோதும் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார்; அவர் கணவரிடம் கொடுத்தார்; கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பி வந்தது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் இறந்துபோனார். பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்தார்.

இன்று அப்படி நடப்பதில்லை என்பார்கள். வெளிப்படையாக நடப்பதில்லைதான். ஆனால் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் சிகிச்சை பற்றி ஆய்வாளர் சங்கமித்ரா ஆச்சார்யா 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தொடாமல் மருந்து கொடுப்பதும் குறைந்த நேரமே பார்த்து அனுப்புவதும் பதிவாகியிருக்கின்றன. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. நல்லது. உள்ளே விட்டுவிட்டு ஒரு மூலையில் நிற்க வைத்தால்? அதை எப்படி நிரூபிப்பது? நேரம் எழுதப்படாத இடத்தில் தாமதம் என்று ஒன்று இருந்ததாகவே ஆகாது.

சாதி சம்பந்தப்படாத இடத்திலும் இதே கதைதான். 2023 ஜூன் கடைசியில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றிய கை நிறம் மாறுவதைச் சொன்னபோது கவனிக்கவில்லை என்று தாய் குற்றம் சாட்டினார். ஜூலை 2-ஆம் தேதி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தக் கையை அகற்ற வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் குழந்தை இறந்தது. விசாரணைக் குழு, கிருமித் தொற்றுதான் காரணம், சிகிச்சையில் கவனக்குறைவு இல்லை என்றது. மருத்துவக் காரணத்தைத் தீர்ப்புச் சொல்ல நாம் ஆளில்லை. நாம் கேட்பது வேறு. தாய் முதலில் எத்தனை மணிக்குச் சொன்னார், யாரிடம் சொன்னார், எத்தனை மணிக்கு வந்து பார்த்தார்கள்? இந்த மூன்றும் கேஸ் ஷீட்டில் தனியாக எழுதப்பட்டால், பிறகு இரு தரப்பும் வாய் வார்த்தையில் மோத வேண்டியதில்லை.

ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் மீது கோபத்தைக் கொட்டிப் பயனில்லை என்பதும் நமக்குத் தெரியும். அவரையும் இந்தக் குறிப்பு காப்பாற்றும். ஆள் போதவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். லண்டனில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, ரத்தத்தில் நச்சு ஏறி இறந்தாள். பெற்றோர் எச்சரித்தும் மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. தாய் பெரிய நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். அவர் சொல்லே எடுபடவில்லை என்றால் நம் சொல் எந்த மூலைக்கு! அவர் விடாமல் போராடியதால் 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' வந்தது. பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கருதினால், வேறு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதலே இப்படியொரு விதி உண்டு.

நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் ஒரு பலகை இருக்கிறது: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை என்று. இருக்க வேண்டியதுதான். அதன் பக்கத்தில் இன்னொரு பலகைக்கும் இடம் இருக்கிறது.

அது வரும்வரை, படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இதைச் சொல்லிக் கொடுங்கள். குழந்தை பால் குடிக்க முடியாமல் போனால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால் அது அவசரம். ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டிக்கு 108, ஆலோசனைக்கும் புகாருக்கும் 104. எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னோம் என்பதை ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலாவது குறித்து வையுங்கள்.

அடுத்த கிராம சபையில், செய்யாறு அரசு மருத்துவமனையிலும் வெம்பாக்கம் வட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெற்றோர் சொல்லும் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும், இரண்டாம் முறை பார்க்கச் சொல்லும் உரிமையைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வரலாம். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்கும் அனுப்ப மறக்க வேண்டாம்.