படமாகும் அறிவிப்பும் பஸ் ஏறும் மாணவியும்

ஒரு பல்கலைக்கழக அறிவிப்பு எப்படிப் பிறக்கிறது தெரியுமா? அலுவலகத்தில் ஒருவர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறார். அந்த நிமிடம் வரை அது நல்ல எழுத்து. தேடினால் கிடைக்கும், பெரிதாக்கலாம், காதால் கேட்கலாம், நகலெடுத்து நண்பனுக்கு அனுப்பலாம். அடுத்து அதைத் தாளில் அச்செடுக்கிறார்கள். தேர்வாணையர் கையெழுத்துப் போடுகிறார். ரப்பர் ஸ்டாம்ப் விழுகிறது, அதுவும் குறிபார்த்து தேதியின் மேலேயே. பிறகு அந்தத் தாளை ஸ்கேனரில் கொஞ்சம் கோணலாக வைத்து, படமாக்கி, பி.டி.எஃப் என்று பெயர் சூட்டி இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

எழுத்தாக இருந்ததை மெனக்கெட்டுப் படமாக்கியிருக்கிறார்கள். சும்மா விட்டிருந்தால் எல்லோரும் படித்திருக்கலாம். கூடுதலாக வேலை பார்த்து, காகிதமும் மையும் செலவு செய்து, சிலர் படிக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். சோம்பலால் நடந்த தவறு என்றால் மன்னிக்கலாம். இது உழைத்துச் செய்த தவறு!

அந்தச் சிலர் யார்? பரமத்தி வேலூரில் பார்வையில்லாத ஒரு பி.காம். மாணவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பைசா செலவில்லை, தமிழையும் வாசிக்கும். ஆனால் எழுத்தைத்தான் வாசிக்கும். எழுத்தின் போட்டோவை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? காலித் தாளைக் கையில் கொடுத்த மாதிரி மௌனமாகிவிடும். அந்தத் தாளில் இருப்பது தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி.

வணிகவியல் முதலாண்டில் சொல்லித் தருகிற முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஈடாக ஒரு வரவு உண்டு என்பது. செலவு காற்றில் கரையாது, எங்கேயோ ஒரு கணக்கில் போய் உட்காரும். அலுவலகம் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது? அந்த மாணவியின் கணக்கில். யாரையாவது கெஞ்சிப் படிக்கச் சொல்லும் நேரம், தேதி தப்பினால் அபராதக் கட்டணம், அதுவும் தப்பினால் ஒரு செமஸ்டர். இவையெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஐந்தொகையில் வராது. வராததால் செலவே இல்லை என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலூர் போன்ற ஊருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். காவிரிக் கரையில் கொடிக்காலும் வாழையும் தென்னையுமாக இருக்கிற இந்த வட்டாரம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. 1997-ல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்குப் பொது. இருப்பதோ சேலத்தையும் தாண்டிக் கருப்பூரில். வேலூரிலிருந்து நாமக்கல் வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல். சேலத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போய்வர ஒரு பகல் காலி. கருப்பூரில் குடியிருப்பவருக்கு இணையதளம் ஒரு வசதி. வேலூர்க்காரருக்கு அதுதான் பல்கலைக்கழகத்தின் வாசற்படி.

சேலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வியாதி ஊர் முழுக்க இருக்கிறது. நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அதன் தளத்தைத் திறந்து, பத்து நிமிடத்தில் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை. கடைசியாக வந்த அறிவிப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து நீல நிறமாகாவிட்டால் அது படம்.

இரண்டாவது, மவுஸைத் தூர வைத்துவிட்டு டேப் பட்டனை மட்டும் தட்டித் தட்டித் தேர்வு முடிவுப் பக்கத்துக்குப் போய்ச் சேருங்கள். பார்வையற்றவர்களும் கை நடுக்கம் உள்ளவர்களும் தினமும் இப்படித்தான் போகிறார்கள். பாதி வழியில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போனால் தளம் தோற்றது.

மூன்றாவது, முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கிற அறிவிப்புப் பட்டை. பக்கத்தில் 'புதியது' என்று ஒன்று மின்னிக்கொண்டிருக்குமே, அதுதான். ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுகிற எதையும் நிறுத்தி வைக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. நிறுத்த முடிகிறதா பாருங்கள்.

நான்காவது, முடிவு பார்க்கும் இடத்தில் கோணல்மாணலாக வரும் அந்த எழுத்துப் படம். 'மேலே தெரிவதை இடவும்' என்கிறது. தெரியாதவர் என்ன செய்வார்? காதால் கேட்க மாற்று வழி இல்லையென்றால், தன் மதிப்பெண்ணைப் பார்க்கவே அடுத்தவரிடம் பதிவெண்ணைக் கொடுக்க வேண்டும். தேறினாரா இல்லையா என்று அவருக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் கண்ணுக்கு அழகான தமிழாகத்தான் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் திரைவாசிப்பான் அதை 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசிக்கும். யூனிகோடில் அடித்தால் 'தமிழ்' என்றே வாசிக்கும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010-ல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பே எழுதியாயிற்று. பழைய எழுத்துரு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இனி, வழக்கமாக வரும் சமாதானங்கள்.

'எத்தனை பேருக்காக இதையெல்லாம் செய்வது?' 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். எண்ணிக்கையை விடுங்கள். உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து சதவீதத்துக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்வது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இடத்தை ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தைப் பூட்டி வைத்தால் அது என்ன ஒதுக்கீடு? 'யாருமே விண்ணப்பிக்கவில்லை' என்று பிறகு கோப்பில் எழுதிக்கொள்ள நன்றாக வசதி.

'கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் போலி அறிவிப்பு கிளம்பிவிடுமே?' நியாயமான கவலைதான். போலி அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றத்தான் செய்கின்றன. ஆனால் ஸ்கேன் செய்த முத்திரையை இன்னொரு தாளில் ஒட்டுவது இன்று பள்ளிப் பையனுக்குக்கூட முடிகிற வேலை. அது பாதுகாப்பே இல்லை. டிஜிட்டல் கையெழுத்துக்கு இந்தியாவில் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 2000-ல். அதுவும் வேண்டாம் என்றால், பக்கத்தில் எழுத்தாகப் போடுங்கள், அடியில் கையெழுத்திட்ட பிரதியை இணையுங்கள். இரண்டும் இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

'படத்தைப் படிக்கிற மென்பொருள்தான் இப்போது வந்துவிட்டதே!' வந்திருக்கிறது. கோணலான தாளில், முத்திரைக்கு அடியில், கட்டம் போட்ட தேர்வு அட்டவணையில் 3-ஐ 8 என்று அது படித்தால், தேர்வைத் தவறவிடப்போவது மென்பொருளா, மாணவியா? தவிர, கையில் இருந்த எழுத்தைப் படமாக்கிவிட்டு, அந்தப் படத்திலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்க ஒரு இயந்திரம் தேடுவது என்ன புத்திசாலித்தனம்?

'செலவு அதிகம்.' இது உலகம் முழுக்கப் பழகிய பல்லவி. சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவும் இதைத்தான் சொன்னது. ப்ரூஸ் மகுவாயர் என்ற பார்வையற்றவர், ஒலிம்பிக் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று 1999-ல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். சரிசெய்யப் பணமும் காலமும் எக்கச்சக்கமாக ஆகும் என்று குழு வாதாடியது. ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000-ல் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கச் சொன்னது.

இன்னொரு வாதமும் உண்டு. 'ரொம்ப நெருக்கினால் இருப்பதையும் எடுத்துவிடுவார்கள்.' இது வெறும் பூச்சாண்டி இல்லை, நடந்த கதை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இலவசமாக வைத்திருந்த பாட வீடியோக்களில் வசன வரிகள் சரியாக இல்லை என்று அந்நாட்டு நீதித்துறை 2016-ல் சொன்னது. 2017-ல் பெர்க்லி 20,000-க்கும் மேற்பட்ட வீடியோக்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோருக்கும் நஷ்டம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022-ல் அதே பெர்க்லி, தன் இணையப் பாடங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்ற நீதித்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தது. முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டு முறை செலவழித்திருக்க வேண்டாம்.

சட்டம் நம் ஊரிலும் தூங்கவில்லை. மேலே சொன்ன 2016 சட்டத்தின்படி, விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் அரசு, தனியார் என்று வித்தியாசம் இல்லாமல் சேவை தருகிற எல்லோரும் தங்கள் சேவையை அணுகத்தக்கதாக மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017-ல். கெடு முடிந்தது 2019-ல். ஆனால் அந்த விதிகள் வெறும் ஆலோசனைபோல எழுதப்பட்டிருந்தன. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-லேயே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இதைச் சுட்டிக்காட்டி, 15-ஆவது விதியின் அந்தப் பகுதி சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அடுத்து 2025 ஏப்ரல் 30. அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோர் தொடுத்த வழக்குகள். பிரசூனால் கேமரா முன் கண் சிமிட்ட முடியவில்லை, அதனால் வங்கியின் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியவில்லை. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். வங்கிக்குச் சொன்ன இந்த நியாயம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாதா?

கட்டடத்தில் சாய்தளம் போடுவதில் நம்மவர்களுக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. நாக் குழு வருகிறது என்றால் ஒரே வாரத்தில் சிமென்ட் காய்ந்துவிடும். சாய்தளத்தைப் போட்டோ எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். ஆனால் அதே நாக் கையேட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் என்று கேட்ட இடத்தில் சாய்தளத்தோடு அணுகத்தக்க இணையதளத்தையும் சேர்த்தே கேட்டிருந்தார்கள். போட்டோவில் விழாத வசதி யார் கண்ணுக்கும் படுவதில்லை.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? பெரிய திட்டமோ கோடிக்கணக்கில் நிதியோ தேவையில்லை.

ஒன்று, எந்த அறிவிப்பும் முதலில் பக்கத்திலேயே யூனிகோட் எழுத்தாக வரட்டும். இது நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடியது. தட்டச்சு செய்பவரிடம் அந்த எழுத்து ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு, இணைப்புகளுக்குப் பெயர் வையுங்கள். பக்கம் முழுக்க 'இங்கே கிளிக் செய்யவும்' என்று இருபது இருந்தால், காதால் கேட்பவருக்கு இருபது கதவு, ஒன்றிலும் எண் இல்லை.

மூன்று, தளத்தை அமைக்கும் நிறுவனத்தோடு போடுகிற ஒப்பந்தத்தில் சர்வதேச அணுகல் தரத்தை நிபந்தனையாக எழுதுங்கள். சோதனையில் தேறாமல் கடைசித் தவணை கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், மறுநாளே தரம் வந்துவிடும்.

நான்கு, அந்தச் சோதனையைப் பார்வையற்ற மாணவர்களை வைத்துச் செய்யுங்கள். இலவசமாக அல்ல, சம்பளம் கொடுத்து. அவர்களைவிடப் பெரிய நிபுணர் யார்?

ஐந்து, திறக்க முடியாத பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒரு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் முகப்பிலேயே இருக்கட்டும். கேட்க ஆள் இருந்தால்தான் சொல்ல ஆள் வரும்.

இதனால் பயன் பார்வையற்றவருக்கு மட்டும் இல்லை. எழுத்தாக இருக்கும் பக்கம் சின்ன போனிலும் திறக்கும், சிக்னல் குறைந்த இடத்திலும் சீக்கிரம் வரும், தேடினாலும் அகப்படும். வெள்ளெழுத்து வந்த அப்பா பெரிதாக்கிப் படித்து, மகளின் கட்டணத்துக்கு எந்தத் தேதிக்குள் பணம் புரட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

தேர்வுக் கட்டணம் எல்லோரிடமும் ஒரே தேதிக்குள்தான் வசூலிக்கப்படுகிறது. தேதி தவறினால் பார்வை இல்லை என்பதற்காக அபராதம் தள்ளுபடி ஆவதில்லை. வாங்குவதில் காட்டுகிற சமத்துவத்தைச் சொல்வதிலும் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. அடுத்த அறிவிப்பை ஸ்கேனரில் வைக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள், பெருமக்களே. அது ஏற்கெனவே எழுத்தாகத்தான் இருக்கிறது. அப்படியே விடுங்கள், போதும்.