சாய்க்கப்படும் தமிழ்

இன்று வெளிவரும் கவிதைத் தொகுப்புகள் சிலவற்றின் அட்டைகளைப் பாருங்கள். தலைப்பு தடித்து, வலப்புறம் சரிந்து கிடக்கிறது. கேட்டால் 'நவீனமாக இருக்கிறது' என்கிறார்கள். கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பெறுவதற்கு நவீனம் என்று பெயரில்லை.

ஐரோப்பாவில் சாய்வெழுத்து எப்படிப் பிறந்தது? வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனுஷியஸ் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளை முழுக்கச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அதை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால அறிஞர்களின் கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. நேரெழுத்தைச் சரித்துப் பெற்றதன்று அது, தனியொரு மரபு. முனைகளில் குறுங்கோடு அற்ற சான்ஸ் செரிஃப் அச்செழுத்து 1816இல்தான் லண்டனில் காஸ்லன் நிறுவனத்தின் மாதிரி ஏட்டில் தோன்றியது. 1957இல் வெளியான யூனிவர்ஸ் எழுத்துக் குடும்பத்தில் ஆட்ரியன் ஃப்ரூட்டிகர் தடித்த சாய்வெழுத்துக்கு 66 என்று தனி எண்ணே கொடுத்தார். காரணம் உண்டு. ஒரு வட்டத்தை இயந்திரத்தனமாகச் சரித்தால் கோடு ஓரிடத்தில் தடிக்கும், மற்றோரிடத்தில் மெலியும். தடித்த எழுத்தில் இக்குறை பளிச்செனத் தெரியும். அதைக் கண்ணால் கண்டு திருத்துவதே வடிவமைப்பாளரின் உழைப்பு.

நம்மிடம் நடப்பது வேறு. விண்டோஸுடன் வந்த லதா எழுத்துருவுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. ஆயினும் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்கிறது. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. தமிழோ சுழிகளால் ஆன எழுத்து. 'மனம்' என்பதற்கும் 'மணம்' என்பதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சுழி. தடிப்பில் அச்சுழியின் உள்வெளி அடைபடுகிறது. சரிப்பில் எஞ்சியதும் நசுங்குகிறது. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டும் சிறுகோடு மங்குகிறது. புள்ளி பருத்து எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. புள்ளி போனால் மெய்யேது?

'சுவர் விளம்பரங்களிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் சாய்ந்த எழுத்தை நாம் காணவில்லையா?' என்று கேட்கலாம். கண்டோம், ரசித்தோம். ஆனால் அந்த ஓவியர் தூரிகை பிடித்து ஒவ்வொரு சுழியையும் தனியே வளைத்தார். இடம் போதாவிடில் காலைக் குறுக்கினார், கொம்பை நீட்டினார். வேகத்தையோ ஆவேசத்தையோ சொல்லவேண்டிய ஓரிரு சொற்களுக்கு அது பொருந்தியது. நான் எதிர்ப்பது சாய்வை அன்று, வரையாமல் சாய்ப்பதை.

அழுத்தம் தருவதற்காகவே சாய்க்கிறோம் என்பாரும் உளர். தேற்றப் பொருளில் வரும் ஏகாரத்தைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. 'அவனே வந்தான்' என்று எழுதத் தெரிந்த மொழிக்கு, 'அவன்' என்பதைச் சாய்த்துக் காட்டவேண்டிய தேவை என்ன? ஆங்கிலத்தில் நூற்பெயரைச் சாய்த்து எழுதுகிறார்கள் என்பதற்காகத் தமிழாய்வேடுகளிலும் சாய்க்கச் சொல்கிறோம். ஒற்றை மேற்கோள்குறி அவ்வேலையை எழுத்துக்கு ஊறின்றிச் செய்யும்.

தடித்த சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டுமென்றால், தமிழெழுத்தை அறிந்த ஒருவரிடம் கூலி கொடுத்து வரைந்து வாங்குங்கள். அட்டை ஓவியரின் பெயரைப் போடும் பக்கத்திலேயே எழுத்து வரைந்தவரின் பெயரையும் போடுங்கள். அதற்குப் பணமோ பொறுமையோ இல்லையெனில் எழுத்தை நேராக நிற்க விடுங்கள். கவிதையின் தலைப்பைப் பிழையின்றிப் படிக்க முடிவது வாசகனின் குறைந்தபட்ச உரிமை.